பழைய டீசல் பிக்கப் எஞ்சினில் ஹெட் கேஸ்கட் மாற்றும் முறை

ஆரணி என்றவுடன் பட்டும் அரிசியும் நினைவுக்கு வரும். நெல் மூட்டையை ஆலைக்கும், காய்கறியைச் சந்தைக்கும், உர மூட்டையை வயலுக்கும் கொண்டு சேர்ப்பதில் பழைய டீசல் பிக்கப் வண்டிகளுக்கும் பங்கு உண்டு. கைமாறி வந்த வண்டியாக இருந்தாலும், அறுவடைக் காலத்தில் அது நின்றுவிட்டால் களத்தில் நெல் கிடக்கும்; வாடகை வண்டிக்கு கைப்பணம் கரையும். இவ்வாறு வண்டியை நிறுத்திவிடும் பழுதுகளில் ஹெட் கேஸ்கட் போவதும் ஒன்று. கேஸ்கட்டின் விலை பெரிதல்ல. அதைக் கவனிக்காமல் ஓட்டுவதால் ஹெட் வெடிப்பதும் பேரிங் தேய்வதும்தான் பெருஞ்செலவு. பொறுமையும் சில கருவிகளும் உள்ள உழவர் இவ்வேலையைத் தாமே செய்துகொள்ளலாம். மெக்கானிக்கிடம் விடுபவரும் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பது நல்லது.

கேஸ்கட் தாங்கும் சுமை

எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக்கிற்கும், அதன் மேல் மூடியான ஹெட்டிற்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, குளிர்விக்கும் தண்ணீர், எஞ்சின் எண்ணெய் ஆகிய மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வது இத்தகடுதான்.

மகிந்திரா வண்டிகளில் 1980களில் வந்த, பியூஜோ வடிவமைப்பிலான எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இதன் சிலிண்டர் விட்டம் 90 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 2112 கன செ.மீ. பின்னாளில் பிக்கப் வண்டிகளில் பரவலாக வந்த 2523 கன செ.மீ. எம்.டி.ஐ. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 88.9 மி.மீ. ஆக, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. 90 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 63.6 சதுர செ.மீ. டீசல் எரியும் கணத்தில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 80 கிலோ என்று கொண்டால், ஹெட்டை மேலே தூக்கும் விசை 5 டன்னுக்கும் மேல். அதாவது 75 கிலோ நெல் மூட்டை 67-ஐ ஒரே சிலிண்டரின் மேல் அடுக்கியது போன்ற சுமை. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது இவ்விசை ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,000 முறை வந்து போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், போல்ட்டுகளைக் கைப்போக்கில் முடுக்குவது ஏன் தவறு என்பது தானே விளங்கும்.

கேஸ்கட்தான் போயிற்றா?

வண்டி சூடேறியவுடன் கேஸ்கட் மேல் பழி போடுவது வழக்கம். முதலில் தண்ணீர்க் குழாய், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஆகியவற்றில் ஒழுக்கோ தளர்வோ அடைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்து, கீழ்க்கண்ட அறிகுறிகளும் இருந்தால் மட்டுமே ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, எஞ்சினை ஓட விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்திற்குள், தண்ணீர் சூடேறும் முன்பே, உலை கொதிப்பது போலக் குமிழிகள் விடாமல் வந்தால் சிலிண்டர் வாயு தண்ணீர்ப் பாதையில் நுழைகிறது என்று பொருள். தொடக்கத்தில் வரும் சில குமிழிகள் உள்ளே தங்கிய காற்றாக இருக்கலாம்; அவை சற்று நேரத்தில் நின்றுவிடும். மூடி போட்டபின், எஞ்சின் சூடேறாத நிலையிலேயே மேல் ஹோஸ் கல் போல விறைத்துக்கொள்வதும் இதே குறைக்கு அடையாளம்.

அடுத்து எண்ணெய்க் கோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்நிலையில் வண்டியை வீடு வரை கூட ஓட்டக் கூடாது. தண்ணீர் கலந்த எண்ணெய் பேரிங்கைக் காக்காது. எண்ணெய் நிரப்பும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணுரை இருந்தால், அது குளிர்காலத்தில் குறுந்தூரம் ஓடிய வண்டியில் படியும் ஈரமாகவும் இருக்கலாம்.

வெளியே ஒழுக்கு இல்லாமலே நாள்தோறும் தண்ணீர் குறைவது, சூடேறிய பிறகும் புகைக்குழாயில் வெண்ணிற ஆவி வருவது, பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் ஒருசேர அடிக்காமல் இருப்பது ஆகியவையும் அறிகுறிகளே. கடைசியாகச் சொன்னதில், இரு சிலிண்டர்களுக்கு இடையே உள்ள குறுகிய பாலத்தில் கேஸ்கட் எரிந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இரவு நின்ற வண்டி காலையில் செல்ஃப் அடித்தவுடன் 'டக்' என்று முட்டி நின்றால் மீண்டும் மீண்டும் அடிக்காதீர்கள். தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கக்கூடும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வழக்கம் ஓட்டுநர்களிடையே உண்டு. ரேடியேட்டரில் ஊசித்துளை அளவு ஒழுக்கு இருந்தால் அது வீடு வந்து சேர உதவலாம். சிலிண்டர் அழுத்தத்தை மஞ்சள் தூள் நிறுத்தாது. மெல்லிய குழாய்களை அடைத்துக் கெடுதலையே கூட்டும்.

வேலைக்கு முன்

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த பிறகே தொடங்குங்கள். சூடான ஹெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் பலர். சதுர செ.மீ.க்கு அரை கிலோ அழுத்தமுள்ள மூடி போட்டிருந்தால் உள்ளே தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே பொங்கி அடிக்கும்.

பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எஞ்சினின் மேற்புறத்தைத் துடைத்துக் கழுவிக் காய விடுங்கள். களத்துமேட்டில், தூற்றும் காற்றடிக்கும் இடத்தில் இவ்வேலை வேண்டாம். டீசல் பம்பிற்கும் நாசிலுக்கும் தூசியைப் போன்ற எதிரி வேறில்லை.

வாங்க வேண்டியவை: எஞ்சின் எண் சொல்லி வாங்கிய கேஸ்கட், நாசில்களுக்கான செப்பு வாஷர்கள், மேனிஃபோல்டு மற்றும் ராக்கர் மூடிக் கேஸ்கட்டுகள், எண்ணெய், எண்ணெய் ஃபில்டர், கூலன்ட். டார்க் ரெஞ்சு சொந்தமாக இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். அது இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

கழற்றும் முறை

ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் உள்ள திருகுகளைத் திறந்து தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். மேனிஃபோல்டுகள், ஹோஸ்கள், ஹீட்டர் பிளக் கம்பி ஆகியவற்றைப் பிரிப்பது எளிது. நாசில்களுக்குப் போகும் அழுத்தக் குழாய்களைக் கழற்றியவுடன் பம்ப், நாசில், குழாய் மூன்றின் வாய்களையும் மூடியாலோ சுத்தமான பாலிதீனாலோ கட்டிவிடுங்கள். பஞ்சும் நார் உதிரும் துணியும் ஆகாது.

மேற்சொன்ன இரு எஞ்சின்களிலும் வால்வுகளைப் புஷ்ராடுகளே இயக்குகின்றன. ஆகவே ஹெட்டைத் தூக்க டைமிங் பாகங்களில் கை வைக்க வேண்டியதில்லை. ராக்கர் தண்டைக் கழற்றி, புஷ்ராடுகளை ஓர் அட்டையில் வரிசையாகத் துளையிட்டுச் செருகி வையுங்கள். எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்ப வேண்டும். கேம் தண்டு ஹெட்டின் மேலேயே உள்ள புதுவகை எஞ்சினானால் டைமிங் குறிகளைப் பார்த்து வைத்து, பெல்ட்டையோ செயினையோ கழற்ற வேண்டும். அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது மேல்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று வீதம் இரண்டு மூன்று தடவையாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டால் இடையே ஸ்க்ரூ டிரைவர் நுழைத்து நெம்பாதீர்கள். அந்தக் கீறலே அடுத்த ஒழுக்குக்கு வழி. மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். வார்ப்பிரும்பு ஹெட் கனமானது. இருவர் சேர்ந்து நேரே மேலே தூக்குங்கள். தூக்கிய ஹெட்டை மரக்கட்டைகளின் மேல் வையுங்கள். நாசில் முனை கீழே நீட்டிக்கொண்டிருந்தால் தரையில் பட்டு வீணாகும்.

ஈர லைனர், அதாவது வெளிப்புறம் நேரே தண்ணீர் படும் லைனர் உள்ள எஞ்சினில், ஹெட் எடுத்த பிறகு கிராங்கைச் சுற்றக் கூடாது. பிஸ்டனோடு லைனரும் மேலெழும்பி, அடியில் உள்ள ரப்பர் வளையம் பிசகிவிடும். பிறகு தண்ணீர் நேரே எண்ணெய்த் தொட்டிக்குப் போகும். புதுக் கேஸ்கட் போட்டும் பழுது தீரவில்லையே என்று திகைக்க நேரும். சுற்றியே ஆக வேண்டுமானால் பெரிய வாஷர்களும் போல்ட்டுகளும் கொண்டு லைனர்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள்.

பழைய கேஸ்கட் சொல்லும் செய்தி

பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே கறுத்துக் கருகியிருக்கிறதோ அங்கேதான் வாயு போயிருக்கிறது. அதற்கு நேராக ஹெட்டிலும் பிளாக்கிலும் சாக்கட்டியால் குறியிடுங்கள். கருகல் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அங்கே ஹெட் வளைந்திருக்கலாம், அல்லது அந்த லைனர் தாழ்ந்திருக்கலாம். தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அரித்திருந்தால் தண்ணீரின் குணமே குறை.

பழங்காலக் கேஸ்கட்டுகளில் செப்புத் தகட்டுக்கு நடுவே கல்நார் வைக்கப்பட்டிருந்தது. கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்கும் காரணமாவது. ஒட்டியிருப்பதைத் தண்ணீரோ எண்ணெயோ தடவி நனைத்த பிறகே சுரண்டுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதும், கம்பிப் பிரஷ்ஷைச் சுழல விடுவதும், காற்றடித்து ஊதுவதும் கூடாது. துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

அளந்து பார்த்தல்

அவசரத்தில் பலர் தாண்டிச் செல்லும் வேலை இதுதான். சுத்தம் செய்த ஹெட்டின் முகத்தில் நேரான எஃகு விளிம்பு ஒன்றை நீளவாட்டில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். அனுமதிக்கும் அளவு எஞ்சின் புத்தகத்தில் இருக்கும். பொதுவாகப் பேசப்படுவது 0.05 முதல் 0.10 மி.மீ. வரை, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிப்பு. ஆலை அரிசிக்குக் கல் பொறுக்குபவர் கூட இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லைதான். ஆனால் ஐந்து டன் விசைக்கு அந்த முடியிழை இடைவெளி போதும்.

அதற்கு மேல் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் முகம் சீவ வேண்டும். இதிலும் எல்லை உண்டு. எம்.டி.ஐ. எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டனின் தலைக்குழியில் எரிகிறது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. ஹெட்டை அதிகம் சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். எக்ஸ்.டி.பி. வகையில் டீசல் ஹெட்டிலுள்ள சிறு அறையில் எரியத் தொடங்குகிறது. அந்த அறையின் வாய்த் துண்டுகளையும் கவனிக்க வேண்டும். 'கொஞ்சம் தாராளமாகவே எடுத்துவிட்டேன்' என்று சொல்லும் பட்டறைக்காரரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு சீவினார் என்பதை மி.மீ. கணக்கில் எழுதி வாங்குங்கள்.

சில எஞ்சின்களுக்குக் கேஸ்கட் இரண்டு மூன்று தடிப்புகளில் வருகிறது. ஓரத்திலுள்ள சிறு வெட்டுகளோ துளைகளோ அதன் அடையாளம். பழையதில் எத்தனை இருந்தனவோ அத்தனை உள்ளதையே வாங்குங்கள். பழைய கேஸ்கட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹெட்டில் வால்வுகளுக்கு இடையே மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐயமிருந்தால் பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டின் மேல் புதுக் கேஸ்கட் போடுவது காசைக் கரியாக்குவது. லைனர்கள் பிளாக் முகத்தைவிட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும், எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் அதுவே கேஸ்கட் போனதற்குக் காரணம். அதைச் சரிசெய்வது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முழுவதும் உறிஞ்சி எடுங்கள். அடி மூடிய துளையில் திரவம் இருக்கும்போது போல்ட் முடுக்கினால் வெளியேற வழியின்றிப் பிளாக்கே பிளந்துவிடும். போல்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்று நீண்டோ கழுத்தில் மெலிந்தோ இருந்தால் மாற்றுங்கள். கோணக் கணக்கில் முடுக்கும் வகைப் போல்ட்டுகளை, புத்தகம் அனுமதித்தாலன்றி, மறுபடி பயன்படுத்தக் கூடாது.

முடுக்கும் முறை

கேஸ்கட்டில் மேல்புறம் என்று குறியிருக்கும். அதை மேலே வைத்து, எண்ணெய்த் துளை மறைபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்தபடியே வையுங்கள். புத்தகத்தில் சொல்லியிருந்தாலன்றி ஷெல்லாக், கிரீஸ், பெயின்ட் எதையும் தடவாதீர்கள். ஹெட்டை நேரே இறக்கிப் புஷ்ராடுகளை அவற்றின் கிண்ணத்தில் உட்கார வையுங்கள்.

தெருவில் பாவு நீட்டும் நெசவாளர் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துக் கட்டுவதில்லை. எல்லா இழைகளுக்கும் ஒரே இழுவிசை வரும்படி இருபுறமும் சிறிது சிறிதாகச் சரிசெய்வார். ஹெட் போல்ட்டும் அப்படித்தான். நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராகச் சுற்றிக்கொண்டே ஓரத்துக்குப் போக வேண்டும். அதுவும் மூன்று சுற்றாக. எடுத்துக்காட்டாகப் புத்தகம் 9 கிலோ-மீட்டர் என்று சொன்னால் முதற்சுற்றில் 3, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 9. உங்கள் எஞ்சினுக்குரிய அளவை அதன் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிலோ-மீட்டர் என்பது என்ன? போல்ட்டின் நடுவிலிருந்து ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையை 9 கிலோ விசையோடு செங்குத்தாக இழுத்தால் கிடைக்கும் திருகு விசை 9 கிலோ-மீட்டர். அரை மீட்டர் கைப்பிடியானால் 18 கிலோ இழுக்க வேண்டும். டார்க் ரெஞ்சு காட்டுவது சரிதானா என்று ஐயம் வந்தால், சாக்கெட் கைப்பிடியில் வில் தராசைக் கொக்கியிட்டு இழுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நாசில்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு புதுச் செப்பு வாஷர். இரண்டு போட்டால் நாசில் உயர்ந்து, தெளிப்பு இடம் மாறி, புகை தள்ளும். அதன்பின் டேப்பட் இடைவெளியை வையுங்கள்.

ஸ்டார்ட் செய்தல்

எண்ணெயையும் ஃபில்டரையும் தவறாமல் மாற்றுங்கள். முன்பு தண்ணீர் கலந்திருந்தால் அரை மணி ஓட்டியபின் இன்னொரு முறையும் மாற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கைப்பம்பை அடித்து, ஃபில்டரின் திருகு வழியே காற்றுக் குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை காற்று எடுங்கள். பின்னர் நாசில் முனை நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் முடுக்குங்கள். ஓடும் எஞ்சினில் அழுத்தக் குழாய் ஒழுக்கை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்தத் தெளிப்பு தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

மேல் ஹோஸ் சூடாகும்வரை மெதுவாக ஓட விட்டு, தண்ணீர் மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். சில கேஸ்கட்டுகளுக்கு மறுமுடுக்கு வேண்டும், சிலவற்றிற்கு வேண்டாம், உறையில் எழுதியிருக்கும். வேண்டுமானால் எஞ்சின் சொல்லப்பட்ட நிலையில் இருக்கும்போது அதே வரிசையில் முடுக்கி, டேப்பட்டை மறுபடி பாருங்கள்.

ஏன் போயிற்று?

காரணம் தீராமல் கேஸ்கட் மட்டும் மாற்றினால் அடுத்த போகத்திற்குள் மீண்டும் இதே வேலை. ஒரு டன் தாங்கும் வண்டியில் 75 கிலோ மூட்டை 20 ஏற்றினால் 1,500 கிலோ. பாதிக்குப் பாதி கூடுதல். அதோடு போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏற்றத்தில் ஜமுனாமரத்தூர் போனால் எந்தக் கேஸ்கட்தான் தாங்கும்?

அடுத்தது தண்ணீர். உப்புக் கிணற்றுத் தண்ணீரை வருடக் கணக்கில் ஊற்றினால் அடுப்பில் வைத்த வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போலவே எஞ்சினின் உள்ளும் காரை படியும். காரை வெப்பத்தைக் கடத்தாது. பிடித்து வைத்த சுத்தமான மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ, கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவதும் தவறு. சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி வந்து இன்னும் சூடாகும்.

முதல் 500 கி.மீ. வரை பாதிச் சுமையோடு ஓட்டுங்கள். தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, தண்ணீரையும் எண்ணெய்க் கோலையும் பாருங்கள். எஞ்சினிலிருந்து வடித்த பழைய கூலன்ட்டைத் தொழுவத்தருகே திறந்து வைக்காதீர்கள். அது இனிப்பாக இருப்பதால் கன்றும் நாயும் நக்கும், குழந்தைகளும் தொடுவார்கள். கொடிய நஞ்சு. வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் அடைத்து, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.